நாலு விரற்கடைத் தண்ணீரும் புரைமி நகரமும்

ஒரு பொய்யைக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒருவனுடைய வேலையையும் பெயரையும் நான் கெடுத்திருக்கிறேன். இந்தப் பயணம் அதற்காகத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒட்டகம், பேரீச்சை என்று நான் உற்சாகமாக எழுதப்போவதைப் படித்துவிட்டு, ஓய்வுபெற்ற ஒருவன் மகள் வீட்டுக்குச் சுற்றுலா போய்வந்தான் என்று நினைத்துவிடுவீர்கள்.

நாற்பது வருடங்களுக்கு முன் கீழ்வேளூர்ப் பக்கம் பாசனப் பிரிவில் நான் இளநிலைப் பொறியாளன். ஹமீது எனக்குக் கீழே லஸ்கர். வாய்க்காலைக் காவல் காப்பதும், மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குவதும் லஸ்கரின் வேலை. அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். எங்கள் கிளை வாய்க்காலை மூன்று நாள் முழுக்க அடைத்தால்தான் கடைமடை ஊர்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரும். அந்த மூன்று நாளும் ஷட்டரை நாலு விரற்கடை தூக்கியே வைக்கும்படி ஹமீதிடம் சொன்னேன். வாய்க்கால் தலைப்பில் நிலம் வைத்திருந்த ஒரு பண்ணைக்காரர் கேட்டிருந்தார். அவர் மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

"எழுதிக் குடுங்க சார்" என்றான் ஹமீது.

"என் வாய் வார்த்தை போதாதா?" என்றேன்.

கடைமடையில் நாற்றங்கால் கருகியது. ஜனங்கள் திரண்டு வந்தார்கள், விசாரணை வந்தது. "நான் சொல்லவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். ஹமீதுக்கு வேலை போயிற்று. அதைவிட மோசம், அவன் அதே கடைமடையில் ஓர் ஊர்க்காரன். சொந்த ஊரின் தண்ணீரை விற்றவன் என்ற பெயரோடு வெளிநாடு போய்விட்டான்.

என் மனைவி இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவளுடைய அப்பாவின் பெயரும் வெளியே வரும். இது காரணம்தான், நியாயமில்லை. அவள் போய் மூன்று வருடமாகிறது. சென்ற வருடம் தஞ்சாவூரிலிருந்து ஒரு கல்யாணத்துக்குக் கீழ்வேளூர் போனபோது, கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடை, ஹமீதின் அக்கா மகனுடையது என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "மாமா புரைமில இருக்காங்க சார், பேரீச்சந்தோட்டத்துல" என்றான், நான் யாரென்று தெரியாமல். என் மகள் மாலதி நர்ஸாக வேலை பார்க்கும் அல் அய்ன் நகரத்தை ஒட்டினாற்போல இருக்கிறது புரைமி. நடுவில் ஒரு வேலி. இந்தப் பக்கம் அமீரகம், அந்தப் பக்கம் ஓமன். அன்று இரவே மாலதியிடம், "வரேம்மா" என்றேன். பத்து வருடமாகக் கூப்பிட்டு ஓய்ந்துபோயிருந்த பெண், "உடம்புக்கு ஏதாவதாப்பா?" என்று பயந்துவிட்டாள்.

முதல் நாள் நான் வாயைப் பிளந்துகொண்டு ஊர் சுற்றினேன். பாலைவனம் என்றால் மணல் என்று நினைத்துப் போனவனுக்கு அல் அய்ன் சாலைகளின் நடுவே புல்லும் பூவும். மாடி மேல் மாடியாக எந்தக் கட்டடமும் இல்லை; தஞ்சாவூரில் பெரிய கோயில் கோபுரம் எங்கிருந்தும் தெரிகிற மாதிரி, இங்கே தெற்கே ஒரு மொட்டை மலை எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. சாலைகள் சேரும் இடமெல்லாம் வட்டம். ஒரு வட்டத்தில் பிரம்மாண்டமான காபிக் கூஜா, இன்னொன்றில் வேறு ஏதோ சிலை. மாப்பிள்ளை வழி சொல்லும்போது தெருப் பெயரே சொல்வதில்லை. "கூஜாவுல வலது பக்கம், மாமா" என்பார்.

இரண்டாம் நாள் மாலதிக்குப் பகல் ஷிப்ட். பேரீச்சைச் சோலைக்குத் தனியாகப் போகிறேன் என்று வீறாப்பாகப் பஸ் ஏறினேன். கூஜா எந்தப் பக்கமோ போய்விட்டது. பஸ் ஊரைத் தாண்டி, மணல் வந்து, கடைசியில் எல்லோரும் இறங்கிய இடம் ஒட்டகச் சந்தை. எனக்குத் துளியும் வருத்தமில்லை. கம்பி அடைப்புகளுக்குள் நூற்றுக்கணக்கில் ஒட்டகங்கள்: கறுப்பு, சந்தனம், பால்வெள்ளை. ஒரு குட்டி என் சட்டைப் பையை மோந்து பார்த்துக் கண்ணாடிக் கூட்டைக் கவ்வியது. அதைப் பிடுங்கிக் கொடுத்த பட்டாணியர், ஒரு வாளி காலியாகக் கிடக்க, அதைக் கவிழ்த்து என்னை உட்கார வைத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினோம்.

"உங்க ஊரில் என்ன விலங்கு?" என்றார்.

"மாடு. இப்போது மாட்டைவிட டிராக்டர் அதிகம்."

"டிராக்டர் குட்டி போடாதே" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே வெகுநேரம் சிரித்தார். ஒட்டகப் பால் கொடுத்தார். கொஞ்சம் உப்புக் கரிக்கும். கடைசி மடக்குவரை குடித்தேன். திரும்பும்போது தன் பிக்கப்பில் கூஜா வரை கொண்டுவந்து விட்டார். மாலதி திட்டிய திட்டை இங்கே எழுத வேண்டாம்.

மூன்றாம் நாள் எல்லையைத் தாண்டினேன். மாப்பிள்ளைக்குத் தெரிந்த அஷ்ரப் என்ற மலையாளி, புரைமியில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், தினமும் அல் அய்னிலிருந்து போய் வருகிறார். அவர் வேனில் முன் சீட்டு எனக்கு. வழியெல்லாம் அவர் பேச்சு.

"சாரே, நான் வந்த காலத்துல இந்த வேலி கிடையாது. இங்க டீ வாங்கி அந்தப் பக்கம் போய்க் குடிப்போம். ஒரு நாட்டுல தூங்கி எந்திரிச்சு இன்னொரு நாட்டுல பல்லு தேய்ச்சிருக்கேன்."

வேலி போட்ட பிறகும் ஊர் இரண்டாகிவிடவில்லை. அக்கா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். அல் அய்ன்காரர்கள் துணி தைக்க, கட்டில் பீரோ வாங்க, கார் ரிப்பேர் செய்யப் புரைமிக்கு வருகிறார்கள், அங்கே விலை சகாயம். புரைமிக்காரர்கள் சம்பளத்துக்கு இந்தப் பக்கம் வருகிறார்கள். படிக்கிற பிள்ளைகள் எதிர்த் திசையில், புரைமிக் கல்லூரிக்குப் போகிறார்கள். புரைமிக் கடையில் எந்த நாட்டு நோட்டைக் கொடுத்தாலும் கல்லாக்காரர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. வேலி இருப்பதால்தான் இரண்டு பக்கமும் வியாபாரம் நடக்கிறது என்பது அஷ்ரப்பின் கட்சி.

சாவடியில் என் பையைத் திறந்தார்கள். ஹமீதுக்காகச் சீரகச் சம்பா இரண்டு கிலோவும், வெங்காய வடகம் ஒரு டப்பாவும் வைத்திருந்தேன். கறுத்த உருண்டைகளைப் பார்த்ததும் இளம் அதிகாரி நிமிர்ந்தார். ஒன்றை எடுத்து மோந்தார், தும்மினார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் மோந்து தும்மினார். மூன்றாவதாக வந்த பெரிய அதிகாரி எட்டவே நின்றுகொண்டார். "குழம்பில் போடுவது" என்று அஷ்ரப் அரபியில் விளக்கினார். "இதையா? சாப்பிடவா?" என்று அவர் கேட்டதை அஷ்ரப் மொழிபெயர்த்துச் சொன்னபோது சாவடியே சிரித்தது. டப்பாவை இறுக மூடி, இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

புரைமி அல் அய்னைப் போல மேக்கப் போட்ட ஊர் இல்லை. எனக்கு அதனாலேயே பிடித்தது. சந்தையில் வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியும் அணிந்த கிழவர்கள் தேன் புட்டிகளை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கருவாட்டு வாசனை நாகப்பட்டினத்தை அப்படியே கொண்டுவந்தது. ஒரு மண்கோட்டை, அதைச் சுற்றி அகழி. தஞ்சாவூர் அகழிக் கரையில் வளர்ந்தவன் இங்கே வந்து அகழியைப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. என்ன வித்தியாசம் என்றால், இதில் தண்ணீர் இல்லை, குப்பையும் இல்லை. ஒரு கிழவர் கூப்பிட்டு உட்கார வைத்து, பேரீச்சையும் சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய்க் காபியும் கொடுத்தார். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணத்தை ஆட்டினால்தான் போதும் என்று அர்த்தமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏழு குடித்தேன்.

இப்படியெல்லாம் நேரத்தைக் கடத்தினேன் என்பதும் உண்மை. பேரீச்சந்தோட்டம் சந்தைக்குப் பின்னால் பத்து நிமிட நடை. அதைக் கடக்க எனக்கு அரைநாள் ஆயிற்று.

இரண்டு மண்சுவர்களுக்கு நடுவே சந்து. உள்ளே போகப் போக வெயில் காணாமல் போயிற்று. தலைக்கு மேலே பேரீச்சை மட்டைகள், கீழே எலுமிச்சை, அதற்கும் கீழே குதிரைமசால் தீவனம். அப்புறம் அந்தச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அது வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம். பாலைவனத்தில், முழங்கை அகல வாய்க்காலில், கண்ணாடி மாதிரி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்காலம் முழுக்கப் பாசனத்தில் கழித்தவன், சின்னப் பிள்ளை மாதிரி அதன் கூடவே ஓடினேன். தூரத்து மலையடியில் ஊறும் தண்ணீரைப் பூமிக்கு அடியில் சுரங்கம் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதற்குப் பலஜ் என்று பெயர்.

வாய்க்காலின் திருப்பத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பாசி வழித்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, லுங்கி, தலையில் துண்டு. நிமிர்ந்து பார்த்தார். யோசிக்கவே இல்லை.

"சார், வாங்க" என்றார்.

"ஹமீது பாய், எப்படி இருக்கீங்க?"

"நீன்னே சொல்லுங்க சார். நீங்கன்னா வேற யாரையோ கூப்புடுற மாதிரி இருக்கு."

கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து டீ போட்டான். மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்டான். வெண்ணாற்றில் புது ரெகுலேட்டர் கட்டிவிட்டார்களா, ஆகாயத்தாமரை இன்னும் அடைக்கிறதா என்று கேட்டான். வடகத்தை மோந்து கண்ணை மூடிக்கொண்டான். அவன் மனைவி மக்கள் நாகூரில். லீவில் அங்கேதான் போவான். சொந்த ஊரில் நாற்பது வருடமாகக் கால் வைத்ததில்லை. இதை அவன் சொல்லும்போது என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. "ஷட்டரைத் திறக்கச் சொன்னவன் நான்தான்" என்று எழுதி, கையெழுத்திட்டு, தஞ்சாவூரிலிருந்தே கொண்டுவந்தது. அதை எடுக்கவில்லை. ஒரு பேரீச்சைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வேனில் அஷ்ரப், "கூட்டுக்காரனை, பழைய சிநேகிதனைப் பார்த்தாச்சா, சந்தோஷமா?" என்றார். சந்தோஷம் என்றேன். இன்னொரு பொய்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. ஹமீதே சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். தொழுகை முடிந்து அவனும் தோட்டத்து வேலையாட்கள் நாலு பேரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மலை மாதிரி மஞ்சள் சோறு, மேலே ஆட்டுக்கறி. எனக்குத் தனித் தட்டு எடுத்தான். வேண்டாம் என்று நானும் தாம்பாளத்தில் கை வைத்தேன். எலும்பில்லாத கறியாகப் பிய்த்து ஒரு வங்காளதேசத்து ஆள் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். "பெருசு மெதுவா சாப்புடுது, நாம மிச்சம் வைக்கணும்" என்று அவர் மற்றவர்களிடம் சொன்னதாக ஹமீது சிரித்துக்கொண்டே சொன்னான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கால் ஓரம் நடந்தோம். தோட்டம் பல பேருக்குச் சொந்தம். ஒவ்வொருவருக்கும் இத்தனை நாளைக்கு ஒரு தடவை, இத்தனை நேரம் என்று தண்ணீர்ப் பங்கு. முன்பு ஒரு கம்பை நட்டு அதன் நிழலைப் பார்த்து முறை மாற்றுவார்களாம், இரவில் நட்சத்திரம் பார்த்து. இப்போது ஹமீதின் கைப்பேசியில் அலாரம்.

"மொதல்ல இங்கத்திக்காரரு ஒருத்தர்தான் முறை பாத்தாரு. அவருக்கு முடியல. இருபது வருஷமா நான்தான் மாத்துறேன்" என்றான். "பெரிய பெரிய ஆளுங்க தோட்டமெல்லாம் இருக்கு சார். முறை இல்லன்னா யாரு கேட்டாலும் தரமாட்டேன். கேக்கவும் மாட்டாங்க."

தண்ணீர் திருடியவன் என்று நான் எழுதிக் கொடுத்த ஆளிடம், தண்ணீரே இல்லாத நாட்டில் தண்ணீரை ஒப்படைத்திருக்கிறார்கள். வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்தேன். காகிதத்தை எடுத்து நீட்டினேன். "இதைக் கொடுக்கத்தான் வந்தேன், ஹமீது. நேற்றே கொடுத்திருக்கணும். நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கணும்."

கண்ணாடி இல்லாததால் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"அன்னைக்கே எழுதிக் குடுங்கன்னு கேட்டேன்ல சார்" என்றான்.

"கேட்டே."

மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தான். "எனக்குத் தெரிஞ்ச சேதிய எனக்கே எழுதிக் குடுத்தா நான் என்ன சார் பண்றது? தெரியாதவங்ககிட்ட போய்ப் படிங்க. எங்கம்மா மௌத்தாப் போறவரைக்கும் அந்த வாய்க்காக் கரையில நடக்கல. சுத்திக்கிட்டு ரோட்டு வழியா போவும். எங்கக்கா இன்னும் அங்கதான் இருக்கு."

மன்னித்துவிடு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அலாரம் அடித்தது.

"முறை மாத்தணும். வாங்க, நீங்களே அடைங்க" என்றான்.

மடையை அடைக்க ஒரு தட்டைக் கல்லும், சுற்றி நெருக்கப் பழைய சாக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் கரையில் நின்று கை நீட்டிச் சொன்னவன் நான். தண்ணீருக்குள் குனிந்து ஒரு மடையையும் அடைத்ததில்லை. கல் வழுக்கியது. சாக்கைத் திணித்தேன். ஓரத்தில் கசிந்தது.

"ஒழுகுது சார். அது அடுத்த தோட்டத்துத் தண்ணி" என்றான். நான் மறுபடி குனிந்தேன். கசிவு நிற்கும் வரை அவன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் திரும்பியதும் தள்ளிப்போடக்கூடாது என்று, வைகாசி கடைசியில் அந்தக் கடைமடை ஊருக்குப் போனேன். வாய்க்கால் தூர்வாருவது பற்றிப் பேச நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் விவசாயிகள் கூடியிருந்தார்கள். ஹமீதின் அக்கா ஜெய்னம்புவையும் முன்கூட்டியே சொல்லி வரவழைத்திருந்தேன். எழுந்து நின்று காகிதத்தைப் படித்தேன். பண்ணைக்காரர் என் மாமனார் என்பதையும் சேர்த்துப் படித்தேன்.

என் வயதுள்ள ஒருவர், பக்கிரிசாமி, எழுந்தார்.

"அந்த வருஷம் நாங்க நடவே நடல. எங்கப்பா ஹமீது வூட்டு வாசல்ல போய் மண்ண வாரித் தூத்துனாரு. நானும் கூடப் போனேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "பண்ணை செத்தாச்சு, விசாரிச்ச ஆபீசரு செத்தாச்சு, பென்ஷனும் வாங்கியாச்சு. இப்ப வந்து சொல்றீங்க. நல்ல தைரியம் சார் ஒங்களுக்கு" என்றார். சிலர் சிரித்தார்கள்.

ஜெய்னம்பு எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு களத்தைக் குறுக்கே நடந்து வந்தார். "அத இங்க குடுங்க" என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் கீழ்வேளூரில் அவர் மகனுடைய கைப்பேசிக் கடையில் அதை லேமினேஷன் செய்து மாட்டியிருந்தார்கள், ரீசார்ஜ் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில். அதைப் பார்த்த யாரோ படம் எடுத்து அனுப்ப, என் மைத்துனர் போன் செய்தார். "செத்த மனுஷனை எதுக்கு நாறடிக்கிறீங்க?" என்று கேட்டு வைத்தவர், அதன்பின் பேசுவதில்லை. மாலதிதான் போனில் அழுதாள். தாத்தாவுக்காகவா, எனக்காகவா, அல்லது ஹமீதுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

புரட்டாசியில் ஹமீது வந்தான். பக்கிரிசாமி தன் மகனை வண்டியோடு நாகூருக்கு அனுப்பிக் கூட்டிவந்ததாகக் கேள்விப்பட்டேன். பதினைந்து நாள் ஊரில் இருந்திருக்கிறான். தஞ்சாவூருக்கு வரவில்லை, என் வீட்டுக்கு வரவில்லை. வர அவனுக்கு என்ன இருக்கிறது?

அவன் திரும்பிப் போவதற்கு முதல்நாள் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. அந்தப் பழைய மதகு. முழங்கால் வரை தண்ணீரில் இரண்டு கால்கள், முகம் இல்லை. கீழே ஒரு குரல் செய்தி. திறந்தேன். தண்ணீர்ச் சத்தம், அப்புறம் அவன் குரல்.

"ஷட்டரு நாலு விரக்கடை கூட ஏறியிருக்கு சார். யாரு சொன்னது?"

அது கேலியா, குத்தலா என்று நாலைந்து தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். "நான் சொல்லவில்லை" என்று வந்தது. விசாரணையில் எழுதிக் கொடுத்த அதே இரண்டு சொற்கள். இந்தத் தடவை அவை உண்மை. ஆனாலும் அனுப்ப விரல் எழவில்லை. அழித்துவிட்டு, "பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கீழ்வேளூர் போய், மதகடிக்கு நடந்து, ஷட்டர் யார் சொல்லி ஏறியிருக்கிறது என்று அங்கே வேலைக்கிருந்த லஸ்கரிடம் விசாரித்தேன்.